நீலமா, கறுப்பா: ஹைத்திக் கொடியின் வழக்கு

ஹைத்தியின் கொடியில் சிவப்பைப் பற்றி யாரும் சண்டை போட்டதில்லை. 1803-க்குப் பின் பேரரசர்களும் மன்னரும் ஆயுட்கால அதிபர்களும் வந்து போனார்கள். சிவப்புப் பட்டை மட்டும் போகவில்லை. வழக்கெல்லாம் அதன் துணையாக நிற்க வேண்டிய நிறம் எது என்பதில்தான். முதலில் நீலம் இருந்தது. 1805-இல் கறுப்பு வந்தது. அடுத்த ஆண்டே நாடு பிளவுபட, தெற்கு நீலத்தையும் வடக்கு கறுப்பையும் பிடித்துக்கொண்டன. 1820-இல் நீலம் வென்றது. 1964-இல் கறுப்பு திரும்பியது. 1986-இல் மீண்டும் நீலம். இந்தக் கொடியின் பிறப்புக்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. 1803 மே 18 அன்று அர்க்கயே ஊரில் கறுப்பினத் தளபதி ழான்-ழாக் தெசலீன் பிரெஞ்சு மூவண்ணக் கொடியின் நடுவிலிருந்த வெள்ளையைக் கிழித்தெறிந்தார். மிஞ்சிய நீலத்தையும் சிவப்பையும் அவருடைய ஞானமகள் கத்ரீன் ஃப்ளோன் ஒன்றாகத் தைத்தார். வெள்ளை போனது வெள்ளையர் விரட்டப்பட்டதைக் குறிக்கும், நீலமும் சிவப்பும் கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் கைகோத்ததைக் குறிக்கும் என்பது அந்த விளக்கம். கேட்பதற்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் ஒரு நாட்டின் பிறப்பை அது தோல் நிறங்களின் கணக்காகச் சுருக்கிவிடுகிறது. கொடி தோன்றிய தருணத்தில் அது விடை சொன்ன கேள்வி, இந்த மண் யாருடைய ஆளுகையில் இருக்கும் என்பது. மக்களின் நிறம் அதற்குள் ஏற்றப்பட்டது பிறகு. ஏற்றியவர்கள் ஆட்சிக்காகத் தங்களுக்குள் மோதிக்கொண்டவர்கள்.

கிழித்தெறியப்பட்டதாகச் சொல்லப்படும் வெள்ளையிலிருந்தே தொடங்கலாம். ஹிஸ்பானியோலா தீவின் மேற்கு மூன்றிலொரு பங்கான சான் தொமாங், பிரான்சின் குடியேற்றங்களிலேயே செல்வம் கொழித்தது. 1789 வாக்கில் அங்கே ஏறத்தாழ 5 லட்சம் அடிமைகள் கரும்பு, காப்பி, அவுரித் தோட்டங்களில் உழைத்துச் செத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளையர் சுமார் 30,000 பேர். அடிமை நிலையில் இல்லாத கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் சேர்ந்து கிட்டத்தட்ட அதே அளவு. 1791 ஆகஸ்டில் வடக்குச் சமவெளியின் தோட்டங்கள் பற்றி எரிந்தபோது, எழுச்சியின் தலைவர்களான ழான்-ஃபிரான்சுவாவும் பியாசுவும் தங்களை மன்னரின் ஆட்களாக அறிவித்துக்கொண்டார்கள். வாரத்தில் மூன்று நாள் ஓய்வு தரச் சொல்லி மன்னர் ஆணையிட்டுவிட்டார், முதலாளிமார் அதை மறைக்கிறார்கள் என்ற பேச்சு அடிமைகளிடையே பரவியிருந்தது. ஆகவே அவர்கள் பூர்போன் வம்சத்தின் வெள்ளைக் கொடியைப் பிடித்தும் வெள்ளைச் சின்னம் அணிந்தும் வெள்ளை முதலாளிகளை எதிர்த்துப் போரிட்டார்கள். அன்றைய உலகில் வெள்ளை என்பது முதலில் பிரெஞ்சு அரசகுலத்தின் நிறம். மூவண்ணத்தின் கதையும் இதே மாதிரிதான். 1793 ஆகஸ்டில் குடியரசின் ஆணையர் சொந்தொனாக்ஸ் வடக்கு மாகாணத்தில் அடிமைமுறையை ஒழித்தார். 1794 பிப்ரவரி 4 அன்று பாரிஸ் மாமன்றம் அதை எல்லாக் குடியேற்றங்களுக்கும் விரித்தது. அன்று மன்றத்தில் சான் தொமாங்கின் பிரதிநிதிகளாக ஒரு கறுப்பினத்தவரும் ஒரு கலப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் இருந்தார்கள். அதற்குப் பதினோராம் நாள், பிப்ரவரி 15-இல், மூன்று செங்குத்துப் பட்டைகளை பிரான்சின் கொடியாக அதே மன்றம் சட்டமாக்கியது. நடுவில் வெள்ளை இருந்த அந்தக் கொடிதான் விலங்கை அறுத்த குடியரசின் கொடி. கறுப்பினத் தளபதி தூசான் லூவெர்த்தூர் பிரிட்டனோடு போரிட்டது அதன்கீழ்தான்.

அப்படியானால் அந்தக் கொடி ஏன் வேண்டாததாயிற்று? குடியரசே வாக்குத் தவறியதால். 1802 பிப்ரவரியில் நெப்போலியனின் மைத்துனர் லெக்லேர் பெரும்படையோடு வந்திறங்கினார். ஜூனில் தூசான் வஞ்சகமாகப் பிடிக்கப்பட்டு பிரான்சுக்குக் கொண்டுபோகப்பட்டார். அடுத்த ஏப்ரலில் ழூ கோட்டைச் சிறையில் இறந்தார். குவாதலூப்பில் அடிமைமுறை திரும்பிவிட்டது என்ற செய்தி வந்ததும், அதுவரை பிரெஞ்சுச் சீருடையில் இருந்த தெசலீன், கிறிஸ்தோஃப், பெத்தியோன் ஆகிய தளபதிகள் 1802 அக்டோபரில் அணி மாறினார்கள். அணி மாறியும் கொடி மாறவில்லை; மூவண்ணத்தோடுதான் போரைத் தொடர்ந்தார்கள். ஹைத்தி வரலாற்றாசிரியர்கள் சொல்வது இது: 1802 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு மோதலில் கிளர்ச்சிப் படையின் மூவண்ணக் கொடி பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கியது, இவர்கள் விடுதலை கேட்கவில்லை, பிரெஞ்சுக்காரர்களாகவே இருக்க விரும்புகிறார்கள் என்று பிரெஞ்சுத் தரப்பு அதை வைத்துப் பேசியது, அந்தப் பேச்சை பெத்தியோன் தெசலீனின் காதுக்குக் கொண்டுபோனார். பிறகுதான் புதுக்கொடி. அதில் பிரெஞ்சுக் குடியரசின் முதலெழுத்துகளுக்குப் பதிலாக ‘விடுதலை அல்லது மரணம்’ என்ற முழக்கம் ஏறியது. கொடியின் தேவை எங்கிருந்து வந்தது என்பது இதில் வெளிச்சமாகிறது. எதிரியின் கொடியைப் பிடித்துக்கொண்டு எதிரியோடு போரிடுவதால் வரும் குழப்பத்தை ஒழிக்க வேண்டியிருந்தது. ஃப்ளோன் ஊசி பிடித்த காட்சி வாய்மொழி மரபில் வாழ்ந்து, பிற்காலத்தில் ஹைத்தியின் 10 கூர்து நோட்டிலும் இடம்பிடித்தது. அவர் தைத்தாரா இல்லையா என்பதைவிட, தைக்கச் சொன்ன காரணமே வரலாற்றுக்கு முக்கியம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் இணைந்தது கற்பனையா? இல்லை. 1799–1800-இல் தூசானின் படைக்கும் தெற்கின் கலப்பினத் தலைவர் ரிகோவின் படைக்கும் கொடிய உள்நாட்டுப் போர் நடந்தது. ழாக்மெல் நகரை உள்ளிருந்து காத்தவர் கலப்பினத்தவரான பெத்தியோன்; வெளியிலிருந்து முற்றுகையிட்டவர் தெசலீன். மூன்றே ஆண்டில் அந்த இருவரும் ஒரே கொடியின்கீழ் நின்றார்கள் என்பது சின்ன விஷயமல்ல. ஆனால் அர்க்கயே கூட்டத்தின் முதன்மை அலுவல், எல்லாப் படைகளுக்கும் தெசலீனைத் தலைமைத் தளபதியாக ஏற்பது. அது தளபதிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு. அந்த உடன்பாட்டுக்கு வெளியே பெருங்கூட்டம் ஒன்று நின்றது. தளபதிகள் பிரெஞ்சுச் சீருடையில் இருந்த மாதங்களிலும் மலைகளில் ஆயுதத்தைக் கீழே வைக்காமல் போரிட்டவர்கள் அவர்கள். பலர் ஆப்பிரிக்காவில் பிறந்தவர்கள். அவர்களில் ஒருவரான சான்-சூசி, நேற்றுவரை தன்னை வேட்டையாடிய தளபதிகளுக்குக் கீழ்ப்படிய மறுத்தார். கிறிஸ்தோஃப் அவரைப் பேச அழைத்துக் கொன்றார். ஹைத்தியில் பிறந்த மானுடவியலாளர் மிஷெல்-ரோல்ஃப் துருயோ 1995-இல் வெளியிட்ட நூலில், இந்தக் கொலையும் அதைச் சுற்றிய மௌனமும் விரிவாக ஆராயப்பட்டன. கொன்றவரும் கறுப்பினத்தவர், கொல்லப்பட்டவரும் கறுப்பினத்தவர். இரண்டு நிறங்களின் இணைப்பு என்ற விளக்கத்தில் இவருக்கு எந்தப் பட்டையில் இடம்? நிறக்கணக்கு எதைக் காட்டுகிறது என்பதோடு எதை மறைக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

இன்னும் வலுவான மறுப்பு 1805-இன் அரசியல் சட்டத்திலிருந்து வரும். 1804 ஜனவரி 1 அன்று கொனாயீவில் விடுதலையை அறிவித்த தெசலீன், பிறகு பேரரசராக முடிசூடினார்; அவருடைய சட்டம் நாட்டின் நிறங்கள் கறுப்பும் சிவப்பும் என்று விதித்தது. அதற்கு முன்பே, 1804-இன் முதல் மாதங்களில், நாட்டில் எஞ்சியிருந்த பிரெஞ்சுக்காரர்களில் ஆயிரக்கணக்கானோர் அவர் ஆணைப்படி கொல்லப்பட்டிருந்தார்கள். எந்த வெள்ளையரும் எஜமானராகவோ சொத்துடையவராகவோ இந்த மண்ணில் கால்வைக்கக் கூடாது என்றது 12-ஆம் பிரிவு. இவ்வளவுக்கும் பிறகு கொடியில் நிறம் ஏறவில்லை என்று எப்படிச் சொல்வது? கொலைகளை எந்த வாதமும் மென்மையாக்க முடியாது, ஆக்கவும் வேண்டியதில்லை. ஆனால் சட்டத்தை 12-ஆம் பிரிவோடு நிறுத்தாமல் படிக்க வேண்டும். குடியுரிமை பெற்ற வெள்ளைப் பெண்களுக்கும் அவர்களின் பிள்ளைகளுக்கும், ஜெர்மானியருக்கும் போலந்துக்காரருக்கும் 13-ஆம் பிரிவு விலக்கு அளித்தது. லெக்லேரின் போரில் பிரான்சுக்காக அனுப்பப்பட்ட போலந்துப் படையினரில் சிலர் கிளர்ச்சியாளர் பக்கம் சேர்ந்திருந்தார்கள். அடுத்த பிரிவு, ஹைத்தி மக்கள் எல்லோரும் இனி கறுப்பர் என்ற ஒரே பெயரால் அறியப்படுவார்கள் என்றது. அதாவது போலந்து நாட்டு வெள்ளையரும் சட்டப்படி கறுப்பரே. தோலின் நிறத்தை எண்ணிப் பிரிக்க எழுதிய சட்டம் இப்படிப் பேசாது. மனிதனை மனிதன் உடைமையாக வைத்திருந்த உலகில், அந்த உடைமைமுறையை மறுத்தவர்கள் எல்லோருக்கும் அது ஒரே பெயர் சூட்டியது. தெசலீனின் கறுப்புப் பட்டையும் அந்தக் குடியுரிமையைத்தான் சுட்டியது. நாட்டுக்குள் ஒரு சாராரை மேலாகவும் மற்றவரைக் கீழாகவும் வைக்கும் குறியாக அது தொடங்கவில்லை.

அப்படி அது மாறியது 1806-க்குப் பிறகு. அந்த ஆண்டு அக்டோபர் 17 அன்று போன்-ரூழ் அருகே தெசலீன் பதுங்கித் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தோட்ட நிலங்களின் உரிமைப் பத்திரங்களை அவர் சரிபார்க்கத் தொடங்கியது சதிக்கு ஒரு முக்கிய காரணம். ஓடிப்போன வெள்ளையரின் நிலங்களைத் தந்தைவழிச் சொத்து என்று கலப்பினப் பிள்ளைகள் பலர் கைப்பற்றியிருந்தார்கள். ஆப்பிரிக்காவில் தந்தையரைக் கொண்ட கறுப்பினத்தவருக்கு எதுவும் இல்லையா என்பது தெசலீன் கேட்டதாக நினைவுகூரப்படும் கேள்வி. நிலத்தின்மேல் எழுந்த அந்தச் சண்டை, அவர் இறந்தபின் கொடிகளின் சண்டையாக உருமாறியது. தெற்கில் பெத்தியோனின் குடியரசு நீலத்தையும் சிவப்பையும் கிடையாகப் போட்டு, பனையும் விடுதலைத் தொப்பியும் பீரங்கிகளும் ‘ஒற்றுமையே வலிமை’ என்ற வாசகமும் கொண்ட சின்னத்தைச் சேர்த்தது. வடக்கில் கிறிஸ்தோஃப், 1811-இல் மன்னரானவர், சிவப்பையும் கறுப்பையும் வைத்துக்கொண்டார். ‘ஒற்றுமையே வலிமை’ என்பது நாடு இரண்டாகக் கிடந்த காலத்தில் எழுந்த வாசகம். பெத்தியோன் படைவீரர்களுக்கு நிலம் பகிர்ந்தார். கிறிஸ்தோஃப் தோட்டங்களைக் கலைக்காமல் கட்டாய உழைப்பில் ஓட்டினார். இருவரில் யார் உழவருக்கு நல்லவர் என்ற கேள்விக்குப் பதில் தேடுபவர் அவர்களின் நிலக்கொள்கையைத்தான் பார்க்க வேண்டும். பெத்தியோனுக்குப் பின் அதிபராகி 1820-இல் நாட்டை ஒன்றாக்கிய புவாயே நீலக் கொடியை நாடெங்கும் ஏற்றினார். அவரே 1826-இல் கிராமச் சட்டம் கொண்டுவந்து உழவர்களைத் தோட்டத்தோடு கட்டிப்போட்டார். நீலம் வந்ததால் கட்டு அவிழவில்லை.

கொடியின் முதல் பொருள் எவ்வளவு மதிப்புள்ளது என்பதை அதே புவாயே காலத்தில் நடந்த ஒன்று காட்டுகிறது. 1825 ஜூலையில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் போர்ட்-ஓ-பிரின்ஸ் கடலில் வந்து நின்றன. அப்போது பிரான்சில் பூர்போன் மன்னர் பத்தாம் சார்லஸ் ஆண்டார். கப்பல்களில் பறந்தது மூவண்ணமல்ல, அரசகுலத்தின் வெற்று வெள்ளைக் கொடி. ஹைத்தியின் விடுதலையை ஒப்புக்கொள்ள, சொத்திழந்த பழைய முதலாளிகளுக்கு 15 கோடி பிராங்க் கட்ட வேண்டும் என்ற ஆணையை அவை கொண்டுவந்தன. புவாயே பணிந்தார். 1838-இல் தொகை மொத்தம் 9 கோடியாகக் குறைக்கப்பட்டாலும், அதற்காக வாங்கிய கடன்கள் நாட்டைப் பல தலைமுறைகளுக்கு வதைத்தன. சுமையின் பெரும்பங்கு காப்பி விளைவித்த உழவர் தலையில் விழுந்தது. 1844-இல் தெற்கின் உழவர்கள் கூர்தீட்டிய கம்புகளோடு எழுந்தார்கள். பணக்காரக் கறுப்பர் கலப்பினத்தவர் ஆகிவிடுவார், ஏழைக் கலப்பினத்தவர் கறுப்பர் ஆகிவிடுவார் என்று அவர்கள் தலைவர் அக்காவோ சொன்னதாக வழங்கும் கருத்து இன்றும் ஹைத்தியில் மேற்கோளாக வாழ்கிறது. நிறத்தின் பின்னால் இருப்பது நிலமும் பணமும் என்பதை அரண்மனைகளைவிட அந்த உழவர்கள் தெளிவாகக் கண்டிருந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரி 27-இல் தீவின் கிழக்குப் பகுதி ஹைத்தியிடமிருந்து பிரிந்து டொமினிக்கன் குடியரசானது. அதன் கொடி ஹைத்தியின் நீலத்தையும் சிவப்பையும் எடுத்துக்கொண்டு, நடுவே ஒரு வெள்ளைச் சிலுவையை வைத்தது. பிரிந்துபோகிறவர்களும் அந்த இரண்டு நிறங்களையே எடுத்துப்போனார்கள் என்பது, அவை அந்தத் தீவில் எவரையும் சாராத இறையாண்மையின் நிறங்களாக வேரூன்றியிருந்ததற்குச் சான்று.

அந்நியர் கை மீண்டும் ஓங்கியபோது கொடி அந்த முதல் பொருளுக்கே திரும்பியது. 1915 முதல் 1934 வரை அமெரிக்கக் கடற்படைப் பிரிவினர் ஹைத்தியை ஆக்கிரமித்திருந்தார்கள். சாலை போடக் கட்டாய உழைப்பைத் திரும்பக் கொண்டுவந்ததை எதிர்த்து உழவர் படைகள் எழுந்தன. அவற்றுக்குத் தலைமை தாங்கிய ஷார்ல்மாங் பெரால்த், 1919 அக்டோபர் இறுதியில் காட்டிக்கொடுக்கப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் இறந்ததை மக்கள் நம்ப வேண்டும் என்பதற்காக, உடலைக் கதவொன்றில் கட்டி நிறுத்தி, ஹைத்திக் கொடியையும் சேர்த்துப் படமெடுத்து, அமெரிக்கர்கள் பிரதிகளைப் பரப்பினார்கள். பயமுறுத்த எடுத்த படத்தில் மக்கள் சிலுவையில் அறையப்பட்டவரைக் கண்டார்கள். ஓவியர் ஃபிலோமே ஒபேன் அதையே சிலுவைக் காட்சியாக வரைந்தார். பெரால்த் எந்த நிறத்தவர், அந்தக் கொடி எந்தக் கட்சியுடையது என்று அப்போது யாரும் கேட்கவில்லை. நீலமும் சிவப்பும் அன்று சொன்னது 1803-இல் சொன்னதைத்தான்.

நிறக்கணக்கைத் திரும்ப அரங்கேற்றியவர் ஃபிரான்சுவா துவாலியே. 1930-களிலிருந்தே கறுப்பினப் பெருமையைப் பேசிய சிந்தனைக் குழுவில் அவர் இருந்தார், 1957-இல் அதிபரானார். 1964 ஜூனில் தன்னை ஆயுட்கால அதிபராக்கிய அரசியல் சட்டத்தோடு, கறுப்பு–சிவப்புச் செங்குத்துக் கொடியையும் ஏற்றினார். நீலம் கலப்பின மேட்டுக்குடியின் நிறம், கறுப்பே தெசலீனின் நிறம் என்பது அவர் தரப்பின் நியாயம். இந்த நியாயத்தை முழுப் பொய் என்று தள்ளிவிட முடியாது. வணிகமும் பதவியும் கல்வியும் வெளிர்நிறத்தார் சிலர் கையில் நெடுங்காலம் குவிந்து கிடந்தது உண்மை. கறுப்புப் பட்டை தெசலீனின் அரசியல் சட்டத்தில் இருந்ததும் உண்மை. ஆனால் ஒரு சின்னத்தை மீட்பவர் அதன் பொருளையும் மீட்டுவிட்டார் என்று சொல்ல, அவர் ஆட்சி அந்தப் பொருளைச் சுமக்க வேண்டும். தெசலீனின் சட்டம் எல்லோரையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தது. துவாலியேயின் ஆட்சியில், கொடி மாறிய அதே ஆண்டு, ழெரெமி நகரில் கலப்பினக் குடும்பங்கள் குழந்தைகள் உட்படக் கொன்று குவிக்கப்பட்டன. கறுப்பின ஏழைகளும் தப்பவில்லை. கரும்பு வெட்ட ஹைத்தித் தொழிலாளர்களை டொமினிக்கன் ஆலைகளுக்கு அனுப்பி, தலைக்கு இவ்வளவு என்று அந்த நாட்டிடம் துவாலியே அரசு பணம் வாங்கியது. கரும்புத் தோட்டத்தை எரித்துப் பிறந்த நாடு, கறுப்புக் கொடி பறக்கும்போதே தன் மக்களைக் கரும்புத் தோட்டத்துக்கு விற்றது. ஆட்சியைப் பிடித்தவரின் நிறத்துக்கும் ஆளப்படுபவரின் வாழ்வுக்கும் இருக்கும் தூரத்தை இதைவிடக் கடுமையாக எந்த எதிரியும் நிரூபித்திருக்க முடியாது.

கடைசி மறுப்பு ஒன்று மிஞ்சுகிறது. நிறங்கள் மேல்தட்டின் விளையாட்டு மட்டும்தான் என்றால், 1986 பிப்ரவரி 7 அன்று துவாலியேயின் மகன் நாட்டைவிட்டு ஓடியதும் மக்கள் ஏன் நீலக் கொடியை அவ்வளவு ஆவலோடு வரவேற்றார்கள்? அந்த மாதமே, 25-ஆம் தேதி, நீலமும் சிவப்பும் அதிகாரப்பூர்வமாகத் திரும்பின. 1987-இன் அரசியல் சட்டம் அதன் மூன்றாம் பிரிவிலேயே கொடியை வரையறுத்தது. கலப்பினத்தவர் ஆட்சி வேண்டும் என்று கேட்டா கறுப்பினப் பெரும்பான்மை தெருவில் இறங்கியது? அப்படிச் சொல்ல யாரும் துணியமாட்டார்கள். மேல்தட்டு கொடுத்த பொருளை மக்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்பதுதான் விடை. ஹைத்தி மக்களின் வோடு சமயச் சடங்குகளில் கொடி ஏந்துபவர்கள் இணையாக வருவார்கள். இரும்புக்கும் போருக்கும் உரிய தெய்வமான ஓகுவுக்குச் சிவப்பும் நீலமும் உரியவை என்ற வழக்கமும் உண்டு. அந்த வழிபாட்டில் நீலம் எந்தச் சாராரின் தோலையும் சுட்டுவதில்லை. இன்றைய கொடியின் நடுவே, பெத்தியோன் காலச் சின்னத்தைத் தாங்க ஒரு வெள்ளைச் சதுரம் இருக்கிறது. வெள்ளையரைக் கிழித்தெறிந்ததே இந்தக் கொடி என்று நம்பும் நாட்டில், நடுநாயகமாக வெள்ளை திரும்பி வந்தும் ஒருவரும் பதறவில்லை. 1936 பெர்லின் ஒலிம்பிக்கின்போது, சின்னம் இல்லாத ஹைத்திக் கொடியும் லிஹ்டென்ஸ்டைன் நாட்டுக் கொடியும் ஒன்றேபோல் இருந்தது தெரியவந்தது. மறு ஆண்டு லிஹ்டென்ஸ்டைன் தன் கொடியில் ஒரு கிரீடத்தைச் சேர்த்துக்கொண்டது. ஆல்ப்ஸ் மலைச் சிற்றரசின் நீலத்திலும் சிவப்பிலும் யாரும் கறுப்பினத்தவரைத் தேடியதில்லை. நிறம் தானாகப் பேசுவதில்லை. அதன்கீழ் நடந்தவையே அதைப் பேசவைக்கின்றன.

இப்படிப் பார்த்தால் நீலம்–கறுப்பு வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இரண்டு கொடிகளின்கீழும் உழவர் தோட்டத்தோடு கட்டப்பட்டார்கள். இரண்டின்கீழும் சுமை உழைப்பவர் தலையில்தான் விழுந்தது. இரண்டுக்கும் பொதுவாக நின்றது, அந்நியருக்கு உடைமையாக மாட்டோம் என்ற ஒற்றை மறுப்பு. அந்த மறுப்பு ஹைத்தியோடு நிற்கவில்லை. 1806 மார்ச்சில் புரட்சியாளர் மிராண்டா வெனிசுவேலாவின் மூவண்ணத்தை முதன்முதலாக ஏற்றியது ழாக்மெல் துறைமுகத்தில் நின்ற கப்பலில். பத்தாண்டு கழித்து, அடிமைகளை விடுவிக்க வேண்டும் என்ற ஒரே நிபந்தனையோடு தென்னமெரிக்க விடுதலைத் தலைவர் பொலிவாருக்கு ஆயுதம் தந்தவர் பெத்தியோன். வெளியே இருந்த எஜமானருக்கு எதிராக இவ்வளவு பேசிய கொடியை, உள்ளே முளைத்த எஜமானர்கள் பேசவிடவில்லை. நிறத்தைப் பற்றி மட்டும் பேசச் சொன்னார்கள். ஆண்டுதோறும் மே 18-இல் ஹைத்தியிலும் புரூக்ளினிலும் மயாமியிலும் அந்தக் கொடியை உயர்த்துகிறவர்கள் நினைவுகூர வேண்டியது அதன் பட்டைகள் யாரைக் குறிக்கின்றன என்பதல்ல. அர்க்கயேயின் உடன்பாட்டுக்கு வெளியே விடப்பட்ட மலைவாசிகளின் வாரிசுகளுக்கு நிலமும் குரலும் கிடைத்தனவா என்பதுதான் அந்தக் கொடி கேட்கத் தகுதியான கேள்வி. எந்த ஆட்சியும் அதற்கு இன்னும் நேர்மையான பதில் தரவில்லை.